செல்லப்பா எழுதின தாளும் என் வைக்கப்படப்பும்

சங்கரன்கோவில் காவல் நிலையம், 13.10.1982

எம் பேரு ஆவுடையப்பன். வயசு அம்பத்தெட்டோ ஒம்பதோ. ஊரு கரிவலம்வந்தநல்லூரு. வெவசாயம். படிப்பு கெடையாது. ஏட்டய்யா ஒக்காரச் சொன்னாவ, ஒக்கார முடியல, நின்னுக்கிட்டே சொல்லுதேன்.

திங்கக்கெழம மத்தியானம் எங் களத்துல வைக்கப்படப்பு எரிஞ்சு போச்சு. ரெண்டு சோடி மாட்டுக்கு வருசத்துத் தீனி. அதுக்கப்புறம் தண்ணி ஊத்தி அணைச்சுட்டு நிக்கையில, பக்கத்துல ஒரு தாளு கெடந்துச்சு. முழுக்க இங்கிலீசு. அங்கன ஒக்காந்து இங்கிலீசு எழுதுதது செல்லப்பாதான். அவன் எங்க தெருக்காரன், இருவத்தாறு வயசு. பத்தாப்புல இங்கிலீசு மட்டும் நாலு வாட்டி போயிருச்சு. படப்பு நெழல்லதான் ஒக்காந்து படிப்பான். அவுக அப்பாவும் அப்பிடித்தான், பிடிச்சா விடமாட்டாரு, கெணறு தோண்டி ஏழு மாசம் பாறை ஒடச்சாரு, தண்ணிதான் வரல. அது கெடக்கட்டும்.

அதுக்கப்புறம் சொசைட்டி கிளார்க்கு சண்முகையா தாள வாசிச்சுத் தமிழ்ல சொன்னாரு: "நான் இந்தப் படப்புல தீ வச்சா ஊரே ஓடி வரும். தீ வச்சிருந்தா இன்னேரம் ஜெயில்ல இருப்பேன்." வந்து பிராது குடுத்தேன். அன்னைக்கே அவன அடைச்சுட்டாவ.

நேத்து நான் இங்கன வந்தப்ப ஏட்டய்யா அவங்கிட்ட, "ஏலே, எழுதுததுக்கு ஒனக்கு வேற சாமானே கெடைக்கலியா?"ன்னாவ.

"கண்ணெதுக்க அதுதான கெடந்துச்சு, ஏட்டய்யா. இது நடந்தா இது நடக்கும், அது நடந்திருந்தா அது ஆயிருக்கும்னு இங்கிலீசுல பத்து வாக்கியம் எழுதியாரச் சொன்னாரு டுட்டோரியல் சாரு. அந்த ரெண்டாவது, நடக்காததுக்கு எழுதுததுதான் அண்ணாச்சி"ன்னு என்னயப் பாத்தான். எனக்கு வெளங்கல.

அதுக்கப்புறம் இன்னைக்கு விடிஞ்சதும் சாம்பல் அள்ளப் போனேன். ஓரத்து வைக்கலு மஞ்சளாவே கெடக்கு. நடுவயிறு மட்டும் கரி. வெளியருந்து வச்ச தீ அப்பிடித் தின்னாது. அறுப்பன்னைக்கு மேகம் கருத்துருச்சுன்னு, காயவிடாம ஈரத்தோட படப்பு போட்டது நான். எம் பொஞ்சாதி பேச்சித்தாய், "ரெண்டு நா வெயில் காட்டுங்க"ன்னா. கேக்கல. போன வாரம் உள்ள கைய விட்டேன், கஞ்சிப்பானையாட்டம் சுட்டுச்சு, புளிச்ச வாடை. ஈர வைக்கலு உள்ளுக்குள்ளயே சூடேறித் தானாப் பத்திக்கிடும். பிரிச்சு ஆத்தி விட்டிருந்தா எரிஞ்சிருக்காது. சோம்பல்ல விட்டுட்டேன். எங்க நாயி எட்டு நாளா அதுல முதுக ஒட்டிப் படுத்துக் கெடந்துச்சு. அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

செல்லப்பா தீ வைக்கல. பிராத வாபஸ் வாங்குதேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவனுக்கு இங்கிலீசு பரிச்ச. இப்பமே மணி நாலாச்சு. இன்னைக்கே விட்டுருங்க, ஏட்டய்யா.

எழுதினத வாசிச்சுக் காட்டினாவ. அம்புட்டும் நடந்தது, "ஆத்தி விட்டிருந்தா"ங்கற ஒரு வரி தவுத்து. அது நடக்கல. அதயும் எழுதிக்கிடச் சொன்னேன்.

இடது பெருவெரல் ரேகை: ஆவுடையப்பன்