மலையைக் குறைத்தவர்

இல்ஃபோர்ட் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். தென் பிரான்ஸில் மனைவி சைக்கிள் ஓட்டப்போகும் பாதையைக் கணவர் போனில் காட்டினார்.

"மலையைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டன்."

நான் புத்தகத்தை மூடினேன்.

"ஆரைக் கேட்டுக் குறைச்சனீங்கள்?"

"ஆத்தங்கரையால போற ரோட்டும் வடிவுதானே. மலையில பன்னிரண்டு கிலோமீற்றர் ஏத்தம். போன வருசம்தானே உமக்கு நெஞ்சில ஒப்பரேசன் நடந்தது."

"டொக்டரே ஓடலாம் எண்டிட்டார். ஞாயிறு ஞாயிறா எப்பிங் ஏத்தத்தில ஓடிப் பழகினனான். எனக்கு ஏலும்."

"ஓம், உமக்கு ஏலும். கீழ நிண்டு பாத்துக்கொண்டிருக்க எனக்குத்தான் ஏலாது."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை வாங்கி, பழைய பாதையைத் திரும்பப் போட்டார்.

"அப்ப நீங்கள் காரில முதலே மேல போய் நில்லுங்கோ. நான் உங்களைப் பாத்துக்கொண்டு ஏறி வாறன்."

ஸ்ட்ராட்போர்ட் தாண்டியதும் கணவர் கேட்டார்.

"மேல குளிரும். பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டுவரட்டே?"

"இஞ்சி போட்டு," என்றார் மனைவி.