பத்தொன்பது முக்கோணங்களில் தண்ணீர்

முதலில் சத்தியம் செய்துவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. முப்பத்தேழு வருடம் எனக்குச் சோறு போட்ட கணினித் திரையின்மேல் ஆணை. பொய் சொன்னால் என் இடது முழங்கால் வலிக்கும். இன்று காலையிலிருந்து அது சும்மா இருக்கிறது. உங்கள் அறை நன்றாக இருக்கிறது, அம்மா. மின்விசிறி சத்தமே போடவில்லை. எங்கள் வகுப்பில் ஓடும் விசிறி, பாடம் நடத்துவது அதுவா நானா என்று பிள்ளைகளுக்கே சந்தேகம் வரும்படி ஓடும்.

விசாரணை அதிகாரி என்றதும் ஏதோ மீசைக்காரரை எதிர்பார்த்து வந்தேன். நீங்கள் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்கிறீர்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது. நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் வாய்ப்பைக் கெடுத்தது நான்தான். அவளுக்கு முன்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள், அவர்களுடையதையும் நான்தான். வருடத்துக்கு ஒருவர் வீதம் ஆறு வருடம். எழுதிக்கொள்ளுங்கள்.

தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் கைப்பேசி விளையாட்டுகளுக்கு உருவம் செய்ய வந்த காலத்தில் போன் சோப்புக்கட்டி அளவு இருக்கும். அதன் ஞாபகசக்தி என் மாமனாருடையதைவிடக் குறைவு. கதாநாயகனுக்கு இரண்டு புருவம் வைக்க இடம் பற்றாது. இடது புருவத்தைக் காட்டி, அதைக் கழற்றிவிட்டு, வலது புருவத்தை மாட்டுவோம். நொடிக்கு முப்பது தடவை மாற்றினால் யாருக்கும் தெரியாது. ஆறே முக்கோணத்தில் ஒரு கோல்கீப்பர் செய்தேன். அவனுக்குப் பெண் கொடுக்கிறோம் என்று மூன்று வீட்டிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வீட்டார் பெண்ணின் படத்தையும் வைத்திருந்தார்கள். என் ஆள் அதைவிட லட்சணமாக இருந்ததால் பதில் போடவில்லை.

முக்கோணம் என்றால் வேறொன்றுமில்லை. விளையாட்டில் நீங்கள் பார்க்கும் மரம், மனிதன், மலை எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்தவை. முக்கோணம் கூடக் கூட அழகு கூடும், போனுக்கு மூச்சும் வாங்கும். குறைந்த முக்கோணத்தில் உயிரைக் கொண்டுவருகிறவன் கலைஞன். மற்றவர்கள் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள்.

கடைசியாக வேலை பார்த்த கம்பெனி ஒரு நாள் எனக்குப் பூங்கொத்து கொடுத்து, கைதட்டி, அனுப்பிவைத்தது. என் வேலையில் சமீபத்தில் பிசிறு தெரிகிறது என்று பொடியன் ஒருவன் சொன்னான். அவன் பிறப்பதற்கு முன்பே என் மரங்களில் இலை உதிர்ந்துகொண்டிருந்தது. போகட்டும். அதற்குப் பிறகுதான் இந்தப் பயிற்சி நிலையத்துக்கு வந்தேன். மனைவி தினமும் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விடுவாள். நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் அவளுக்கு என்மேல் சந்தேகம் வந்திருக்கிறது என்று மற்ற ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தேன்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விளையாடத் தெரிந்ததால் விளையாட்டைச் செய்யவும் தெரியும் என்று நம்பி வந்த கூட்டம். முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தகுந்தவர் யாருமில்லை. சத்தத்தை வைத்துப் பெயர் வைத்துவிடுவேன். ஒருவன் மூக்குறிஞ்சி. ஒருத்தி கொட்டாவி. எங்கள் முதல்வருக்கு இருமலார் என்று பெயர். அவருக்கும் அது தெரியும்.

என் பாடமுறை தனி. என் வகுப்பில் படத்தை யாரும் சும்மா நீட்டக் கூடாது. முதலில் வாயால் சொல்ல வேண்டும். என்ன நிறம், எந்தப் பக்கம் வெளிச்சம், என்ன அசைகிறது, எல்லாம். சொல்லத் தெரியாதவனுக்குச் செய்யவும் தெரியாது என்பேன். இருமலார் இதைக் கேட்டுப் புல்லரித்து, விளம்பரத் தாளில் ‘விவரித்தல் முறை’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். அவருக்குப் புல்லரிக்க அதிகம் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் சாவிக்கொத்து. அவள் அம்மா ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை. இருவரும் வாசலை ஒட்டிய ஓர் அறையில் குடியிருந்தார்கள். மொட்டைமாடி, மோட்டார் அறை, மின்சாரப் பெட்டி எல்லாவற்றின் மாற்றுச்சாவியும் இவள் இடுப்பில் தொங்கும். அவள் நடைபாதையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டு செய்து காட்ட வேண்டும். அதைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு கம்பெனி முதலாளி வருவார். ஒருவரை, ஒரே ஒருவரை, வேலைக்கு எடுத்துக்கொண்டு போவார். சாவிக்கொத்துக்கு அது கிடைத்தாக வேண்டும். கிடைத்தால் அம்மாவை அந்த அறையிலிருந்து கூட்டிப்போய்விடலாம் என்று அவள் கொட்டாவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. காது எனக்கு நன்றாக வேலை செய்யும்.

அவள் முறை வந்தது.

“என்னம்மா செஞ்சிருக்க?”

“வாளி சார்.”

“வாளியா. அடுத்தது துடைப்பமா?”

வகுப்பு சிரித்தது. நான் சொன்னால் சிரிப்பார்கள். மதிப்பெண் என் கையில்.

“வாளில தண்ணி இருக்கு சார். அஞ்சாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும். போனைச் சாய்ச்சா தண்ணியும் சாயும். மேல போய்ச் சேரும்போது எவ்வளவு மிச்சமோ அவ்வளவு மார்க்.”

“தூக்குறது யாரு?”

“எங்கம்மா. மோட்டார் ரிப்பேர் ஆனா அவங்கதான் வீடு வீடா தூக்கிக் கொடுப்பாங்க.”

பெரிய திரையில் ஓடவிட்டாள். கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஒன்றல்ல, முன்வரிசை முழுக்க. கால் நனைந்துவிடும் என்று பயந்து நகர்ந்தார்கள், அம்மா. இது என் முழங்கால் அறிய உண்மை. “ஏய், சிந்தப்போகுது, சிந்தப்போகுது” என்றான் மூக்குறிஞ்சி. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் மூக்கை உறிஞ்ச மறந்திருந்தான்.

“தண்ணிக்கு எத்தனை முக்கோணம்?” என்று கேட்டேன்.

“பத்தொன்பது சார்.”

நான் ஒரு காலத்தில் பதினோரு மாதம் உட்கார்ந்து, நாலாயிரம் முக்கோணத்தில் ஓர் ஏரி செய்தேன். அது ஏரியா, மெழுகிய தரையா என்று கேட்டு ஆட்டக்காரர்கள் எழுதினார்கள். இவள் பத்தொன்பதில் முன்வரிசையையே நகர்த்திவிட்டாள்.

அன்று மதியம் அவளைத் தனியே கூப்பிட்டேன்.

“நல்லா இருக்கு. ஆனா எடுப்பா தெரியல. தண்ணின்னா பளபளக்கணும். படிக்கட்டோட நிழல் அதுல விழணும். வாளியோட விளிம்பு இன்னும் கூர்மையா வேணும்.”

“இதுவே போதும்னு தோணுது சார். கூட்டினா போன் தாங்குமா?”

“முப்பத்தேழு வருஷம் தண்ணி பார்த்தவன் சொல்றேன்.”

முக்கோணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இன்னும் என்றேன். அதற்கும் போட்டாள். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் என்றேன். ஆறு வருடமாக நான் பயன்படுத்திய விஷம் இதுதான். அதன் பெயர் ‘இன்னும்’. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஒருவன் ஓநாய் செய்தான். மயிருக்கு மயிர் முக்கோணம் வைக்கச் சொன்னேன். காட்சி நாளில் அந்த ஓநாய் ஒரு கால் தூக்கியபடி நின்றுவிட்டது. இன்றும் அப்படியே நிற்கிறது என்று கேள்வி. அவன் இப்போது ஒட்டுப்பலகை விற்கிறான். முட்டாள்களை நான் தொட்டதில்லை. அவர்களுக்குப் ‘போதும்’ என்றுதான் சொல்வேன். அவர்கள் எதைச் செய்தாலும் போதும்.

கண்காட்சிக்கென்று எங்களிடம் ஒரே ஒரு போன் உண்டு. பழையது. ஊரில் பாதிப்பேர் கையில் இருப்பது அப்படிப்பட்டதுதான், அதில் ஓடினால்தான் விளையாட்டு என்று முதலாளிகள் வைத்த நிபந்தனை. யாரும் கைவைத்துவிடக் கூடாது என்று அது என் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும். ஒவ்வொரு விளையாட்டையும் முதல்நாள் அதில் ஏற்றி, நான் தனியாக ஓட்டிப் பார்த்து, ‘ஓடுகிறது’ என்று சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பிள்ளைகளுக்கு ஆய்வகக் கணினிதான், சாய்ப்பதெல்லாம் மவுஸால்தான். அந்தக் கணினிகளில் மலையையே ஏற்றினாலும் ஓடும். சாவிக்கொத்திடம் இருந்தது பட்டன் போன். அவள் வாளியை அவள் கையால் ஒரு தடவைகூடச் சாய்த்துப் பார்த்ததில்லை.

முதல்நாள் காலை பதினொரு மணிக்கு ஏற்றிக் கொடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் போனைக் கையில் வைத்திருந்தேன். தண்ணீர் விக்கி விக்கி நகர்ந்தது. ஒரு படி ஏறுவதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிடலாம். உள்ளங்கை சுட்டது; சட்டையை இஸ்திரி போடலாம், அந்தச் சூடு. எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கதவைத் திறந்தேன்.

“எப்படி சார் ஓடுது?”

“தண்ணி மாதிரி ஓடுது.”

“சிந்துச்சா சார்?”

“ஒரு சொட்டு சிந்தல.”

சாவிக்கொத்து குலுங்கியது. சிரித்திருப்பாள். சீட்டை நீட்டி, “இங்க சார்” என்று காட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் முதலாளி வந்தார். நடந்தால் கிறீச்சிடும் செருப்பு. அந்தச் செருப்பில்தான் அவர் வியாபாரம் முழுக்கத் தெரிந்தது. ஆளுக்கு ஆறு நிமிடம் கொடுத்தார். வாளியைக் கையில் வாங்கிச் சாய்த்தார், மறுபடி சாய்த்தார்.

“தண்ணி உறைஞ்சுபோச்சா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசை முழுக்கச் சிரித்தது.

“லேப்ல நல்லா ஓடுச்சு சார்” என்றாள் அவள். “கொஞ்சம் மெதுவா சாய்ச்சீங்கன்னா…”

“சூடா இருக்கும்மா. எடுத்துக்கோ.” போன் மேசையில் வைக்கப்படும் சத்தம். வேலை மூக்குறிஞ்சிக்குப் போனது. அவன் செய்தது பலூன் உடைக்கும் விளையாட்டு. எட்டு முக்கோணம், அதுவும் கோணலாக.

எல்லோரும் போன பிறகு அவள் என் மேசைக்கு வந்தாள்.

“நேத்து ஓடுச்சுன்னு சொன்னீங்களே சார்.”

“நேத்து ஓடுச்சு” என்றேன்.

அவ்வளவுதான், அம்மா. இரண்டே சொல். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் நடுவில் அவளேதான் எதையோ கெடுத்திருக்க வேண்டும். அந்தப் பழியை அவளே தலையில் போட்டுக்கொண்டாள். எதைக் கெடுத்தோம் என்று எட்டு மாதமாகத் தேடுகிறாளாம். தேடித் தேடி இப்போது கணினிப் பக்கமே போவதில்லையாம். அம்மாவோடு சேர்ந்து வாளி தூக்குகிறாளாம், நிஜ வாளி.

இதெல்லாம் அவளைப் பெற்றவள் சொல்லித்தான் தெரியும். போன வாரம் மூன்று நாள் எங்கள் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருமலார் இருமிப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

“சார், என் பொண்ணு ஏதோ தப்பு பண்ணிட்டாளாம். எங்கன்னுதான் தெரியலையாம். நீங்க ஒருவாட்டி பார்த்துச் சொன்னா போதும். திருத்திக்குவா.” ஏதோ ஒன்றை என் கையில் வைத்தாள். மகள் செய்த விளையாட்டு இருக்கும் சின்ன பென்டிரைவ். “இதுலதான் இருக்கு. பாருங்க சார்.”

“உங்க பொண்ணுக்கு இது வராதும்மா” என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நிர்வாகத்திடம் போனாள். அதனால்தான் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்தொன்பது முக்கோணத்தை என்னால் தாங்க முடியவில்லை என்று எழுதுங்கள். கொடியவன், நெஞ்சில் ஈரமில்லாதவன், எது வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் மறுக்கமாட்டேன். திட்டம் போட்டு, தெளிவாகப் பார்த்து, தெரிந்தே செய்தேன். ‘தெரிந்தே’ என்ற சொல் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழவனுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நாளைக்கு இருமலார் யாரிடமும் பரிதாபமாகச் சொல்லக் கூடாது. என் வேலை எனக்குத் தெரியும்.

முழங்கால் லேசாக வலிக்கிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்ததால் இருக்கும்.

பேனாச் சத்தம் நின்றுவிட்டது. எழுதி முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். நீங்களே வாசித்துவிடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். என் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கும், வேண்டுமானால் அதையும் கோப்பில் வையுங்கள். ஏழு வருடத்துக்கு முன் கண் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது, இனி திரும்பாது, ஓரத்தில் நிழல் மட்டும் தெரியும் என்று அதில் இருப்பதாக என் மனைவி வாசித்துச் சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையெழுத்து எந்த இடத்தில் என்று மட்டும் என் விரலைப் பிடித்து வைத்துவிடுங்கள், அம்மா.