பாலத்துக்கு மேலே நாலு கிலோமீட்டர்

இந்து: ...அவ்வளவுதானுங்க சார். பேர் தேவநேசன், ஊர் ஓவேலி, வேலை டிரைவர். லைசென்ஸ் காப்பியும் வாங்கிட்டேன். இந்த டெஸ்ட் டிரைவ் ஃபாரத்துல இன்னும் ஒரே கேள்விதான். குடும்பத்துல எத்தனை பேருங்க?

தேவநேசன்: அத எழுதியே ஆகணுமா?

இந்து: அஞ்சு சீட்டு போதுமான்னு பாக்கத்தானுங்க.

இசக்கியம்மா: அஞ்சு போதும் புள்ள.

தேவநேசன்: ஏழுன்னு போடுங்க.

இந்து: அஞ்சுங்களா, ஏழுங்களா?

இசக்கியம்மா: அத மட்டும் காலியா விடு. கடைசில சொல்றோம்.

இந்து: சரிங்க. நீங்க சாருக்கு...

தேவநேசன்: எங்க அக்கா.

இந்து: உங்க பேருங்க மேடம்?

இசக்கியம்மா: இசக்கியம்மா. மேடம் எல்லாம் வேணாம்.

இந்து: தேவநேசன்... இசக்கியம்மா...

இசக்கியம்மா: என்ன யோசிக்கிற?

இந்து: ஒண்ணுமில்லைங்க. கூடப்பொறந்தவங்கன்னீங்க. பேரு...

தேவநேசன்: எங்க எஸ்டேட்டு லைன் வீட்டுல, லயத்துல எல்லாம் அப்படித்தாங்க. வண்டிய எடுக்கலாமா? இதேதான விக்கிறீங்க?

இந்து: இதேதானுங்க. ஆறு மாசமா டெமோவுக்கு ஓடின வண்டி. தேயிலை வெல விழுந்ததுல இருந்து புது வண்டி கேட்டு ஒருத்தரும் வர்றதில்லைங்க. அதான் வெலையக் கொறச்சு இதைத் தள்ளிவிடச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலைல மேட்டுப்பாளையத்துல இருந்து ஒருத்தர் பாக்க வர்றாருங்க.

தேவநேசன்: அப்ப இன்னிக்கே முடிவு பண்ணணும்.

இந்து: பண்ணினா நல்லதுங்க. ஏறி வண்டிய எடுங்க. மைசூர் ரோட்டுல நாலு கிலோமீட்டர் போயிட்டுத் திரும்பிடலாம். எட்டு கிலோமீட்டர்தான் விடுவாங்க.

தேவநேசன்: மைசூர் ரோடு தார் ரோடுங்க. அதுல எந்த வண்டியும் நல்லாத்தான் போகும். எங்க ரோட்டுல ஒருக்கா ஏத்திப் பாக்கணும்.

இந்து: அது ஆகாதுங்க சார்.

இசக்கியம்மா: எவ்வளவு தூரம்னு கேளு புள்ள. பத்து கிலோமீட்டர் நல்ல ரோடு. அப்புறம் ஒரு பாலம். பாலத்துக்கு மேல நாலு கிலோமீட்டர்தான் கல்லு.

இந்து: மேனேஜர் வைவாருங்க. ரெண்டு மாசமா நான் ஒரு வண்டியும் விக்கலைங்க. இதுல வண்டியில கோடு விழுந்துச்சுன்னா...

தேவநேசன்: விழாது. இருபத்திரெண்டு வருசம் எஸ்டேட்டுல ஓட்டினவன்.

இந்து: ஜீப்புங்களா?

தேவநேசன்: வேன்.

இந்து: எல ஏத்தற வேனா?

தேவநேசன்: இல்ல... வேற.

இசக்கியம்மா: கேட்டுக்கிட்டே இருந்தா இருட்டிடும். என்ன சொல்ற புள்ள?

இந்து: ...சரி, இந்த வளைவுல உங்க ரோட்டுக்கே திருப்பிக்கங்க.

தேவநேசன்: நல்லா இருப்பீங்க.

இந்து: சன்ரூப் இருக்குங்க இதுல. இந்த பட்டன அமுத்தினா மேல தெறக்கும். வானம் பாக்கலாம்.

இசக்கியம்மா: எங்க ஊருல பாதி வருசம் மழ. நிமுந்து பாத்தா மூஞ்சில ஒழுகும். அத விடு. பின்னால இந்தக் கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு கொக்கி இருக்கே, எதுக்கு?

இந்து: சட்ட, கோட்டு மாட்டறதுக்குங்க.

இசக்கியம்மா: கனமா எதாச்சும் மாட்டினா தாங்குமா?

இந்து: எவ்வளவு கனமுங்க?

தேவநேசன்: அரைக் கிலோ. ஒரு கிலோன்னு வெச்சுக்கங்களேன்.

இந்து: புத்தகத்துல கனமா மாட்டக்கூடாதுன்னு போட்டிருக்குங்க. எதுக்குன்னு...

இசக்கியம்மா: புள்ளைங்க பை.

இந்து: எத்தன புள்ளைங்க?

இசக்கியம்மா: மூணு.

தேவநேசன்: ரெண்டு.

இசக்கியம்மா: அவனுக்கு ரெண்டு. எனக்கு மூணு.

இந்து: இந்தாங்க, என் தண்ணி பாட்டில். அரை லிட்டர். மூடியில கயிறு இருக்கு. மாட்டிப் பாருங்க.

இசக்கியம்மா: மாட்டிட்டேன். ஆடுது.

இந்து: ஆடட்டும். விழுதான்னு பாக்கலாம்.

தேவநேசன்: சீட்டு துணியாங்க, ரெக்சினா?

இந்து: துணிங்க. ரெக்சின் கவர் போட்டுக்கலாம்.

தேவநேசன்: கவர் போட்டா கழுவ முடியுமா?

இந்து: தொடைக்கலாமுங்க.

தேவநேசன்: தொடைக்கிறது இல்ல. தண்ணி ஊத்திக் கழுவுறது.

இந்து: ...புள்ளைங்க வாந்தி எடுப்பாங்களா?

தேவநேசன்: ஆமாங்க. அதான்.

இந்து: சார், போன் வருது. கொஞ்சம் மெதுவாப் போங்க. ...சொல்லுங் சார். ஆமாங் சார், கூடத்தான் இருக்காங்க. மைசூர் ரோட்டுலதானுங் சார். கொஞ்சம் டிராபிக்கா இருக்கு. வந்துடறோங் சார்.

இசக்கியம்மா: இந்தக் காட்டுல எங்க புள்ள டிராபிக்கு?

இந்து: ...முன்னால பாருங்கண்ணா. பாலம் வருது.

தேவநேசன்: சார் அண்ணாவாயிட்டேன்.

இந்து: நிறுத்துங்க. ஏறும்போது வண்டியோட அடி கல்லுல தட்டுமான்னு நான் எறங்கி நின்னு பாக்கறேன். முன்னால போயிக்கறேன், கை காட்டினதும் வாங்க.

இசக்கியம்மா: போயிட்டா. தம்பி, சொல்லிடலாமாடா?

தேவநேசன்: வேணாம்க்கா. போன வாரம் அந்த இன்னொரு கடையில உண்மையச் சொன்னதுக்கு என்னாச்சு? கதவக்கூடத் தெறந்து காட்டல.

இசக்கியம்மா: இந்தப் புள்ள அப்படி இல்ல.

தேவநேசன்: இந்தப் பொண்ணு அப்படி இல்லதான். இதோட மேனேஜர்? இன்னிக்கு விட்டா மேட்டுப்பாளையத்தான் ஓட்டிட்டுப் போயிடுவான். இந்த வெலைக்கு இன்னொன்னு நமக்குக் கெடைக்காது.

இசக்கியம்மா: மருமகளுக்கு இன்னும் இருபது நாளுதான் இருக்கு.

தேவநேசன்: தெரியும்க்கா. கை காட்டுது அந்தப் பொண்ணு.

இந்து: வாங்க, வாங்க... லெப்ட்ல ஒடிச்சு... நேரா. அவ்வளவுதான். தட்டலைங்க. ஒரு நாலு வெரல் எடவெளி இருக்கு.

தேவநேசன்: ஏறிக்கங்க. ரெண்டாவது கியர்லயே ஏறுது பாருங்க, மூச்சு வாங்காம. பழைய வேன்ல இந்த எடத்துல மொதலுக்கு வந்துடணும்.

இந்து: நல்லா ஓட்டறீங்கண்ணா. கல்லு மேல போறதே தெரியல.

இசக்கியம்மா: முதுகுக்குத் தெரியுது. முன்னால உக்காந்தா தெரியாது.

இந்து: பின்னால கொஞ்சம் தூக்கிப் போடுமுங்க. ஆளு ஏறினா அடங்கும்.

தேவநேசன்: எத்தன ஆளு?

இந்து: மூணு பேர் இருந்தா நல்லா அடங்கும்.

இசக்கியம்மா: ஒருத்தி படுத்து, ஒருத்தி பக்கத்துல...

தேவநேசன்: அக்கா.

இசக்கியம்மா: ...புள்ளைங்க தூங்குமில்ல. அதச் சொன்னேன்.

தேவநேசன்: ஏங்க, வழில ஆனை நின்னா ரிவர்ஸ்லயே வரணும். பின்னால தெரியுமா?

இந்து: கேமரா இருக்குங்க. இங்க திரையில தெரியும்.

இசக்கியம்மா: முன்னால ஆனை நிக்கும்போது இவன் திரையவா பாப்பான்? கும்பிட்டுக்கிட்டு இருப்பான்.

தேவநேசன்: வந்தாச்சு. இதுதாங்க எங்க எல எடை போடுற எடம். அதுக்கு மேல தெரியுதே, அதான் லயம்.

இந்து: யாரையுமே காணோம்?

இசக்கியம்மா: வாரத்துல மூணு நாள்தான் வேல. ஃபேக்டரி ஓடுறதே மூணு நாள்தான். புள்ள, இந்தப் பின்சீட்ட மடக்கிக் காட்டேன்.

இந்து: இந்தப் பட்டைய இழுத்தா மடங்குமுங்க. பின்னால டிக்கி வரைக்கும் ஒரே எடமா ஆயிடும்.

இசக்கியம்மா: ஒரே மட்டமா இல்லையே. நடுவுல மேடு.

இந்து: ஆமாங்க. விளம்பரத்துல மட்டமா இருக்கும்னு போட்டிருப்பாங்க. உண்மையில மூணு வெரல் மேடு இருக்கு. மடக்கின சீட்டும் கொஞ்சம் சரிவாத்தான் நிக்கும்.

தேவநேசன்: அதையும் நீங்களே சொல்லிட்டீங்க.

இந்து: படுத்தா தெரிஞ்சுடுமுங்களே.

இசக்கியம்மா: அப்ப படுத்தே பாத்துடறேன்.

இந்து: இருங்கம்மா, வண்டி போகும்போது படுத்துட்டு வரக்கூடாதுங்க. பெல்ட்டு இருக்காது.

இசக்கியம்மா: மெதுவாத்தான் ஓட்டுவான். ஓட்டாம எப்படித் தெரியும் எனக்கு?

தேவநேசன்: தலைய டிக்கிப் பக்கம் வை அக்கா. எறக்கத்துல தல மேல இருக்கணும். இல்லேன்னா மயக்கம் வரும்.

இந்து: யாருக்குங்க?

தேவநேசன்: ...அக்காவுக்கு. அவங்களுக்கு பிரஷர்.

இந்து: ஓ. ஜன்னல ஏத்திடட்டுங்களா? பனி எறங்குது. ஹீட்டரும் போடறேன். கால் நீட்ட முடியுதுங்களா?

இசக்கியம்மா: நீட்டிட்டேன். இடிக்கல. நான் குள்ளம். நெட்டையா இருந்தா முழங்கால கொஞ்சம் மடக்கணும்.

இந்து: யாரு நெட்டைங்க?

இசக்கியம்மா: எங்க மருமக.

தேவநேசன்: கெளம்பறேன்க்கா. முதுகு எங்க இடிச்சாலும் சொல்லு.

இசக்கியம்மா: அந்த மேடு இடுப்புல குத்துது. மெத்தை ஒண்ணு போட்டா சரியாப் போகும்... இந்தக் குழி பரவால்ல... இது கொஞ்சம் தூக்குது... ம். இப்ப தேவல.

இந்து: நீங்க பிரேக்கே புடிக்க மாட்டேங்கறீங்கண்ணா.

தேவநேசன்: கியர்லயே எறக்கணுங்க. பிரேக் புடிச்சா படுத்திருக்கிறவங்க முன்னால சறுக்கிடுவாங்க.

இந்து: படுத்திருக்கிறவங்கன்னா...

தேவநேசன்: என்னங்க?

இந்து: ஒண்ணுமில்லைங்க. ஓட்டுங்க.

இசக்கியம்மா: பாட்டிலு இன்னும் விழல புள்ள.

இந்து: பாத்துட்டுத்தான் இருக்கேன்மா.

தேவநேசன்: பாலம் தாண்டியாச்சு.

இந்து: இனி தாரு. நீங்க அப்படியே படுத்திருக்கீங்களாம்மா?

இசக்கியம்மா: கண்ணச் சொக்குது. கடைசி வரைக்கும் படுத்தே வர்றேன். என்னதான் ஆகுதுன்னு பாப்போம்.

தேவநேசன்: ஊருக்குள்ள வந்தாச்சு. வழி விடுங்கப்பா... வழி...

இந்து: ஆரன் கொஞ்சம் மெதுவா... அண்ணா, லெப்ட்டுங்க. ஷோரூமுக்கு லெப்ட்ல போகணும். அண்ணா...

தேவநேசன்: வழி விடுங்க... வழி...

இந்து: அண்ணா, இது ஆஸ்பத்திரி கேட்டு. அவசர வாசல்ல கொண்டு வந்து நிறுத்திட்டீங்க.

தேவநேசன்: அய்யோ... கை அதுவாத் திருப்பிடுச்சுங்க.

இசக்கியம்மா: வந்தாச்சாடா?

தேவநேசன்: ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்க்கா.

இசக்கியம்மா: படுத்திருக்கவ நானு. உனக்கு என்னாடா ஆச்சு?

இந்து: ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கிட்டு ஒருத்தர் ஓடி வர்றாருங்க.

தேவநேசன்: மருதாசலம் அண்ணன். இங்க வார்டுல வேலை பாக்குறவரு. எனக்குப் பழக்கம்.

மருதாசலம்: யாரு, தேவநேசனா? ஒரு வருசமா ஆளையே காணோம். எஸ்டேட்டுல ஆம்புலன்ஸ் வேன வித்துட்டாங்கன்னு சொன்னாங்க. புது வண்டி குடுத்துட்டாங்களா? தெற கதவ. பிரசவமா?

தேவநேசன்: இல்லண்ணே. எங்க அக்கா.

மருதாசலம்: இசக்கியம்மாவுக்கா பிரசவம்?

இசக்கியம்மா: எனக்கு ஒண்ணுமில்லைய்யா. கார் வாங்க வந்தேன்.

மருதாசலம்: படுத்துக்கிட்டா கார் வாங்குவாங்க? நல்லா இருக்கு கத. வாசல அடைக்காத தம்பி, ஓரமாப் போடு. நான் போறேன்.

இந்து: ஓரமா நிறுத்திட்டீங்கல்ல. எஞ்சின அணைச்சுடுங்கண்ணா.

தேவநேசன்: நாங்க ஏமாத்தணும்னு வரலைங்க.

இந்து: நீங்க கொக்கி கேட்டப்பவே எனக்கு ஒரு சந்தேகம். குளுக்கோஸ் பாட்டில்தானுங்களே?

தேவநேசன்: ஆமாங்க.

இந்து: அதனாலதான் அரை லிட்டர மாட்டச் சொன்னேன்.

இசக்கியம்மா: தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிட்டு வந்தியா?

இந்து: நீங்களும் சொல்லலீங்களே. கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு.

தேவநேசன்: வெல விழுந்ததும் எஸ்டேட்டுல மொதல்ல வித்தது அந்த வேனத்தாங்க. அவசரத்துக்குக் கூப்பிட்டா வர்ற ஆம்புலன்ஸ் பாலம் வரைக்கும் வரும். அதுக்கு மேல ரோடு அத விடாது. நாலு கிலோமீட்டர் நாங்கதான் எறக்கிக் கொண்டு வரணும்.

இந்து: எதுலங்க?

இசக்கியம்மா: கொழுந்து ஏத்துற ட்ராக்டர்ல. போன வருசம் எங்க மருமகள அப்படித்தான் எறக்கினோம். சாக்கு விரிச்சு, நாலு பொம்பளைங்க சுத்தி உக்காந்து. மழ. பாலத்துக்கு வரவே ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு. அவள மட்டும்தான் திருப்பிக் கூட்டிட்டு வந்தோம். இப்ப மறுபடி நாள் நெருங்குது. ட்ராக்டரப் பாத்தாலே எந்திரிச்சு உள்ள போயிடுறா.

தேவநேசன்: லயத்துல எல்லாரும் ரெண்டு வருச போனச இந்த வண்டிக்குன்னு எடுத்து வெச்சோங்க. யாரும் மாட்டேன்னு சொல்லல. வேன் பழசு வாங்கலாம்னா அந்தக் கல்லுல அடி தட்டுது. ஜீப்புல படுக்க முடியாது. எங்களுக்கு சொகுசு வேணாம். படுத்தவங்கள குலுக்காம எறக்கணும், அவ்வளவுதான்.

இந்து: நாப்பத்தி மூணு நிமிசமுங்க.

தேவநேசன்: எது?

இந்து: உங்க எல எடை போடுற எடத்துல இருந்து இந்த வாசல் வரைக்கும். கெளம்பும்போது மணி பாத்தேன். நெசமா படுத்து வரப்போறது நீங்களா இருக்காதுன்னு தோணுச்சு... அதான்.

இசக்கியம்மா: நாப்பத்தி மூணா.

தேவநேசன்: மழையில அம்பத்தஞ்சு ஆகும். இருந்தாலும்...

இந்து: அந்த மேடு மட்டும் ஆகாதுங்க. பஜார்ல மெத்த தைக்கறவரு இருக்காரு. மேட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் பஞ்சு வெச்சு அளவா ஒண்ணு தைக்கச் சொல்லலாம். மேல ரெக்சின். கழுவலாம்.

தேவநேசன்: உங்க மேனேஜர் ஒத்துக்குவாராங்க? போன கடைக்காரன், சீக்காளி ஏத்துற வண்டிக்கு நான் பொறுப்பாக முடியாது, போயிட்டு வாங்கன்னுட்டான்.

இந்து: மேனேஜர்கிட்ட குடும்பத்துக்கு வாங்கறாங்கன்னுதான் சொல்லப்போறேன். பொய் இல்லைங்களே?

இசக்கியம்மா: இல்ல.

இந்து: அப்ப இந்த ஃபாரத்த முடிச்சுடறேங்க. ஒரு கட்டம் காலியா இருக்கு. குடும்பத்துல எத்தனை பேரு?

தேவநேசன்: ஆறு லயமுங்க. நூத்தி அறுபத்தெட்டு பேரு.

இசக்கியம்மா: வரப்போறதையும் சேத்து அறுபத்தொம்பதுன்னு எழுது புள்ள.