புள்ளி நின்ற இடம்

பெயர்: ஆஷ்லி. வயது: பதினேழு. தந்தை பெயர்: ஆசீர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. முகவரி: மாதா கோவில் பின் தெரு, பாலக்கரை, திருச்சிராப்பள்ளி.

என் தாயார் கேத்தரின் உடன் இருக்க, பெண் உதவி ஆய்வாளர் முன்பாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் வைத்து என்னை விசாரித்தபோது நான் சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யால் என் அப்பாவின் தம்பி தைரியராஜ் சித்தப்பா அன்றிலிருந்து விசாரணைக்காக இந்த நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரும்போது அவரைப் பார்த்தேன். 'சாப்ட்டியா பாப்பா?' என்று கேட்டார். நான் நேராக இந்த அறைக்கு வந்துவிட்டேன்.

முக்கொம்பில் தண்ணீரில் மூழ்கி இறந்துபோன யமுனா, ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் வீதியில் குடியிருக்கும் செந்தமிழன் என்பவரின் ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பில் என் பள்ளியில் வந்து சேர்ந்தாள். முதல் மாதத்தில் ஒரு நாள் கணக்கு வீட்டுப்பாடம் முடிக்காததால் டீச்சர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். அதன் பிறகு யமுனா எழுந்து தானும் முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் முடித்திருந்தாள். ஏன்டி பொய் சொன்னே என்று கேட்டதற்கு, 'நீ தனியா நிக்கிறது எனக்குப் புடிக்கல' என்றாள். அதுவரை அவளுடன் நான் இரண்டு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அதிலிருந்து நாங்கள் ஒன்றாகத்தான் இருந்தோம். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதற்கு மறுநாள் அவளும் வெட்டிக்கொண்டு வந்தாள், அதற்காக அவள் அம்மா அழுதார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்குப் போகாத நாட்களில் சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ் ஏறாமல் எங்கள் தெருவுக்கு வந்து எதிர்வீட்டுச் சுவர் ஓரமாக நிற்பாள். வீட்டுக்குள் கூப்பிட்டால் வரமாட்டாள். ஜன்னலில் என் முகம் தெரிந்ததும் கிளம்பிவிடுவாள். என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் யாரும் என்னை அப்படித் தேடியதில்லை. இதை அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் எனக்கு அப்பாவின் பழைய ஃபோன் கிடைத்தது. யமுனா அதை வாங்கி மேப்பில் நான் இருக்கும் இடம் அவளுக்கும், அவள் இருக்கும் இடம் எனக்கும் எப்போதும் தெரிகிற மாதிரி வைத்தாள். அவள் ஃபோனில் நான் ஒரு பச்சைப் புள்ளி, என் ஃபோனில் அவள் ஒரு பச்சைப் புள்ளி. முதலில் அது விளையாட்டாக இருந்தது. அதன் பிறகு என் புள்ளி காந்தி மார்க்கெட் பக்கம் போனால் உடனே அழைப்பு வரும், யாருடன் போனாய் என்று கேட்பாள். அம்மாவுடன் என்றால் அம்மாவிடம் ஃபோனைக் கொடு என்பாள். ஒருமுறை நான் அதை அணைத்துவிட்டேன். அதற்கு அவள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை, வகுப்பில் வேறு யாரையும் பேசவும் விடவில்லை. நான் யாரோ ஒரு பையனுடன் சுற்றுவதாக என் அம்மாவிடம் ஃபோன் செய்து சொன்னாள். நானே மறுபடி அதைப் போட்டேன். போட்ட அன்றே டிபன் பாக்ஸில் எனக்குப் பிடித்த புளியோதரை வந்தது.

எங்கள் வகுப்பில் படிக்கும் ஜஹானாராவின் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அவளுடன் நான் பேசுவதை யமுனாவால் தாங்க முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை என்னுடன் கோவிலுக்கு வந்து அந்தோணியார் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, 'ஜஹானாரா வேற ஸ்கூலுக்குப் போயிடணும்' என்று வாய்விட்டு வேண்டினாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, மெழுகுவர்த்தி முழுவதும் கரையும்வரை அங்கேயே நின்றாள். அன்றுதான் எனக்கு முதன்முதலாக அவளைப் பார்த்துப் பயம் வந்தது.

ஆனால் பயந்துகொண்டு மட்டும் இருந்தேன் என்று சொன்னால் அது சரியில்லை. கோபம் வரும் நாட்களில் நான் வேண்டுமென்றே பஸ் ஏறி, தில்லைநகரில் இறங்கி, தெருத் தெருவாக நடப்பேன். கொஞ்ச நேரத்தில் அவள் புள்ளி ஸ்ரீரங்கத்திலிருந்து பாலத்தைத் தாண்டி வரும். நான் திரும்பினால் அதுவும் திரும்பும். வெயிலில் அவள் ஓடி வருவதை ஏசி போட்ட கடைக்குள் உட்கார்ந்து ஃபோனில் பார்த்திருக்கிறேன். அவள் வந்து சேர்ந்து மூச்சு வாங்கும்போது, 'எதுக்குடி வந்தே?' என்று கேட்பேன். அவள், 'நீ வழி தெரியாம நடக்குற மாதிரி இருந்துச்சு' என்பாள். எனக்கு அப்போது உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

இந்த நிலையில் ஜஹானாரா தன் அக்காவுக்கு நிச்சயம் முடிந்ததற்காக ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட என்னைக் கூப்பிட்டாள். அதே நாளில் எங்கள் கோவில் பாடல் குழு முக்கொம்புக்குப் பிக்னிக் போவதாக இருந்தது. சித்தப்பாதான் வேன் ஓட்டுவதாக ஏற்பாடு. நான் யமுனாவிடம் பிக்னிக் போகிறேன் என்றும், அங்கே சரியாக டவர் கிடைக்காது என்றும் சொன்னேன். 'பரவால்லடி, மேப்ல பாத்துக்கறேன்' என்றாள். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மதியம். அவள் கண்ணில் படாத ஒரு மதியம்.

அதன்படி ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்ற வேனில் ஏறி, கடைசி சீட்டின் உறைக்குள் என் ஃபோனைச் சத்தம் வராதபடி வைத்துச் செருகிவிட்டு இறங்கிவிட்டேன். சித்தப்பாவுக்கு இது தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. நான் இறங்குவதைப் பார்த்து, 'ஏன் பாப்பா, வரலையா?' என்று கேட்டார். தலைவலி என்றேன். 'சரி, வீட்ல போய்ப் படு. வர்றப்ப மீன் வறுவல் வாங்கிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பழைய ஃபோன், பாட்டரி சரியாக நிற்காது. சாயங்காலம்வரை தாங்கிவிடும் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டு ஜஹானாராவின் வீட்டுக்குப் போனேன். அங்கே அவள் அம்மா ஷரபுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார்கள். சாப்பிட்ட பிறகு நானும் ஜஹானாராவும் மாடிக்குப் போனோம். அங்கே நான் யமுனா மாதிரி நடந்து காட்டினேன், யமுனா மாதிரி ஃபோனைப் பார்த்துக்கொண்டே பேசிக் காட்டினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று மதியம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஃபோன் எங்கே என்று அம்மா கேட்டார். வேனில் ஒளித்து வைத்தேன் என்று சொன்னால் ஏன், எதற்கு என்று எல்லாம் வெளியே வரும் என்பதால், சித்தப்பா போட்டோ எடுக்க வாங்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று சொன்னேன். வீட்டில் திட்டு வாங்காமல் இருக்கச் சொன்ன பொய், அவ்வளவுதான். அதன் பிறகு சிறிது நேரத்தில் செந்தமிழன் அங்கிள் என் அப்பாவை அழைத்து, யமுனா முக்கொம்பில் தண்ணீரில் மூழ்கிவிட்டாள், மருத்துவமனையில் இருக்கிறோம் என்றார். நாங்கள் போவதற்குள் முடிந்துவிட்டது.

அங்கே வைத்து போலீஸார் என்னிடம், யமுனா கடைசியாகத் திரும்பத் திரும்ப அழைத்த எண் உன்னுடையது, ஃபோன் எங்கே என்று கேட்டார்கள். அம்மா பக்கத்தில் இருந்தார். அம்மாவிடம் சொன்னதையே சொன்னேன். சித்தப்பாவைக் கேட்டதற்கு அவர் எந்த ஃபோனும் வாங்கவில்லை என்றார். அதன் பிறகு வேனைச் சோதனை செய்ததில் கடைசி சீட்டின் உறைக்குள் அணைந்த நிலையில் என் ஃபோன் கிடைத்தது. ஆற்றோரம் மீன் வறுத்து விற்கும் சந்திரம்மாள் என்பவர், அந்தப் பெண்ணும் வேன் டிரைவரும் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டதைப் பார்த்ததாகச் சொன்னார். ஃபோன் பற்றிப் பொய் சொல்கிற ஆள், கடைசியாக அவளுடன் பேசிய ஆள் என்று ஆகிவிட்டது. சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீயாவது சொல்லு என்கிற மாதிரி. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் யமுனாவின் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து என் கையை விடவேயில்லை. 'உன்கிட்ட சொல்லாம ஒண்ணும் செய்யமாட்டாளே. எதுக்கும்மா அங்க போனா?' என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது ஆன்ட்டி என்றேன். தெரியும். அந்தக் கை விரல்கள் யமுனாவின் விரல்கள் மாதிரியே இருந்தன.

அன்றிலிருந்து நான் சரியாக இல்லை. என் ஃபோன் இங்கே இந்த நிலையத்தில் இருக்கிறது, ஆனால் என் பாவாடைப் பையில் அது அதிர்கிறது. வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போதுகூட, 'குளிக்கப் போறேன்', 'மாடிக்குப் போறேன்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். சொல்லாமல் போனால் வாசல் படியில் கால் வைக்க முடியவில்லை. ஜஹானாரா பார்க்க வந்தபோது, எதிர்வீட்டுச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே வராதே என்று அனுப்பிவிட்டேன். சுவர் ஓரம் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்று சித்தப்பாவின் மனைவி பேட்ரிசியா சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோவிலில் தன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்றும், வேன் மேல் யாரோ அசிங்கமாக எழுதிவிட்டார்கள் என்றும் சொன்னார். 'அவர் எதுக்கு பாப்பா உன் ஃபோன ஒளிச்சு வைக்கணும்? உனக்கு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லும்மா' என்று என் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதனால் இன்று வந்தேன். வரும் வழியில் அம்மா, 'இதுல நீ மாட்டிக்குவேடி' என்றார். மாட்டிக்கொள்கிறேன் என்றேன்.

சற்று முன் என் ஃபோனுக்கு சார்ஜ் போட்டு, நானே பூட்டைத் திறந்து உதவி ஆய்வாளர் அம்மாவிடம் காட்டினேன். வேன் முக்கொம்பு அணையின் ஷட்டர் பாலத்தைத் தாண்டும்போதே பாட்டரி தீர்ந்து ஃபோன் அணைந்திருக்கிறது. அதனால் வேன் பூங்காவுக்குள் போன பிறகும் யமுனாவின் மேப்பில் என் புள்ளி பாலத்தடியில், ஆற்றின் நடுவிலேயே நின்றுவிட்டது. அவள் அழைத்திருக்கிறாள், அழைப்பு போகவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். அவள் அனுப்பிய குரல் பதிவுகளை இந்த அறையில் இன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். முதலில் அனுப்பியவற்றில் என்னைத் திட்டுகிறாள். கடைசி இரண்டில் திட்டவில்லை. ஒன்றில், 'உங்க சித்தப்பாவப் பாத்தேன். நீ வரவே இல்லங்கிறாரு, வீட்ல படுத்திருக்கியாம். பொய்டி. மேப்ல நீ இங்கதான் இருக்க, தண்ணிக்குள்ள' என்கிறாள். மற்றதில் தண்ணீர்ச் சத்தம் அதிகம். 'ஆஷ்லி, பயப்படாத. செருப்பக் கழட்டிட்டேன். வரேன்' என்று மட்டும் இருக்கிறது. யமுனாவுக்கு நீச்சல் தெரியாது.

அவள் தற்கொலை செய்துகொள்ளவில்லை. யாரும் அவளைத் தள்ளிவிடவில்லை. என்னைக் காப்பாற்றத் தண்ணீரில் இறங்கினாள், அந்த நேரம் நான் மாடியில் அவளைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா அவளைத் தடுத்து, நான் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்று முழுவதும் அவளிடம் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். யமுனாவின் அம்மாவிடம் இதை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். 'யமுனா எனக்குத் தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்தாள்' என்று ஒரு வரி இருந்தது, நான் அப்படிச் சொல்லவில்லை, அதை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மீதி அத்தனையும் நான் சொன்னதுதான், நடந்ததுதான். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ஆ. ஆஷ்லி

உடன் இருந்தவர்: ஆ. கேத்தரின், தாயார்