லேசாக நகரும் காடி

இரண்டு முட்டியும் வலிக்கிறது, யுகேந்திரன். உட்கார்ந்தே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்த முட்டி. பிறகு கல் குவாரியில் லோரி. இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முனீஸ்வரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

நீங்கள் வந்த விஷயம் புரிகிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் இல்லாமல் ரோட்டோரம் காடி நிறுத்துவது எப்படி என்று நான் பேச வேண்டும். செயலாளரே நேரில் வந்து கேட்டால் மறுக்க முடியுமா. என்ன பேசுவேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பிடித்திருந்தால் பூமாலைக்குச் சொல்லி வையுங்கள்.

நம் தாமான் குடியிருப்பைக் கட்டியவன் மகா புத்திசாலி. பழைய ஈயச் சுரங்கக் குளத்தை மண் போட்டு மூடி, மேசை மாதிரித் தட்டையாக்கி, வீடுகளை ஒட்ட ஒட்ட வைத்து, நடுவில் ஒரு சைக்கிளும் ஒரு பூனையும் போகிற அளவுக்கு லோரோங் சந்து விட்டான். மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, ஓடாதது ஒன்று என்று நாம் காடி வாங்கிக் குவிப்போம் என்று அவனுக்கு யார் சொன்னது. முனைக் கடையில் ரொட்டி வாங்கி வருவதற்குள் நம் இடத்தில் வேறொருவன் நிற்பான். இங்கே ஆட்கள் கல்யாணத்துக்குப் போகாதது மொய்க்குப் பயந்து இல்லை, திரும்பி வந்தால் இடம் இருக்காதே என்றுதான்.

ஆனாலும் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் கேட்டை மறித்து நிறுத்த வேண்டி வந்தால் கியரை ஃப்ரீயில் விட்டு, கைப்பிரேக்கை இறக்கி, முன்கண்ணாடிக்குள் ஃபோன் நம்பரை வைத்துவிட்டுப் போவோம். வெளியே போகிறவன் கூப்பிடுவான். எடுக்காவிட்டால் அவனே தள்ளிவிட்டுப் போவான். இந்தத் தட்டைத் தரையில் சின்னப் பிள்ளை தள்ளினாலும் நகரும். இந்த விஷயத்தில் என் பழைய புரோட்டோன் சாகா காடிக்குத்தான் பேர். சன்னாசி அண்ணன் காடி ஒரு விரலுக்கு நகரும் என்று ஊருக்கே சொன்னது நீங்கள்தான். அந்தப் பேருக்காகத்தான் கூட்டத்துக்கும் கூப்பிடுகிறீர்கள்.

இனி எதிர்வீட்டு ஜெயபாலன். நல்லவன். செத்தவனைப் பற்றி எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் இவன் இருந்தபோதும் நல்லவன்தான். மனைவி தினேஸ்வரிக்கு ஆசையாக ஒரு புதுக் காடி வாங்கினான். தினேஸ்வரிக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவர்களுக்கு வாங்கின காடியில் ஒரு வசதி, அது எங்கேயும் போகாது. அது நின்ற இடம் என் மதிலோரம், மாமரத்து நிழல்.

நீங்கள் டவுனில் வளர்ந்தவர், தோட்டத்து நியாயம் தெரியாது. பால் வெட்டுகிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு நிரை உண்டு, அவன் வெட்டுகிற மர வரிசை. பக்கத்தான் நிரையில் கத்தி வைத்தால் மேற்பார்க்கும் மண்டோர் வந்து கேட்பதற்கு முன்னால் கை பேசிவிடும். மரம் கம்பெனிக்காரனுடையது, நிரை நம்முடையது. அதே மாதிரி ரோடு அரசாங்கத்துடையது, மதிலோரம் என்னுடையது. இடம் பிடிக்கப் பெயிண்ட் டின்னில் சிமெண்டு ஊற்றி அங்கே வைத்திருந்தேன். ஒரு நாள் பார்க்கிறேன், டின் சாக்கடை ஓரம் நிற்கிறது.

"கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வச்சிட்டேன் அண்ணே," என்றான் ஜெயபாலன். "ரோடுதானே, யாரு காடி போட்டா என்னலா."

நானும் சிரித்தேன். ஆமாம் என்றுகூடச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். மைலோ டின்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எனக்கு மனிதாபிமானம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னான், "டாக்டரு அடுப்பு கேஸ் தோங்குகூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாரு அண்ணே. இனிமே உங்க காடி ஒன்னைத்தான் நான் தள்ள முடியும்." அதற்கும் இருவரும் சிரித்தோம். வீடு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு என் கூடவே வந்தது.

புதுக் காடி என் நிரையில் நின்றதால் என் சாகா அவன் கேட்டுக்கு முன்னால் நின்றது. இது பழிவாங்கல் இல்லை, இடப் பற்றாக்குறை. தினமும் ஒரு விரலால் தள்ளிவிட்டு வேலைக்குப் போனான். கொஞ்சம்கூடக் கஷ்டப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம் நிறுத்தும்போது கைப்பிரேக்கை இழுத்தேன். கியரையும் ஒன்றில் போட்டேன். லைசென்ஸ் எடுக்கும்போது சொல்லிக்கொடுப்பது அப்படித்தானே. சட்டப்படி அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகக் காடி நிறுத்தினேன்.

மறுநாள் காலை கோப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தினேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்தாள். கோலாலம்பூரிலிருந்து வந்த மகள் சாந்தினி பஸ் நிலையத்தில் காத்திருந்தாள், அவளைக் கூட்டிவர ஜெயபாலன் புறப்பட்டான். கண்ணாடியில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டான். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர், ஆனாலும் பார்த்துத்தான் அமுக்கினான், அவ்வளவு ஒழுக்கம். மேசையில் என் ஃபோன் அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. பிறகு வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன்.

"அண்ணே, தூங்குறீங்க போல. பரவால்ல, எழுப்பல. நானே தள்ளிக்கிறேன்லா."

முதலில் விரலை வைத்தான். பிறகு இரண்டு கையையும் கொடுத்தான். பிறகு திரும்பி நின்று முதுகைக் கொடுத்தான். அவனுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை, தன் உடம்பில்தான் தெம்பு இல்லை என்று நினைத்திருப்பான். எந்த ஆள் எந்த நேரத்தில் சுமையைக் கீழே போட வேண்டும் என்று சுமந்தவனுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது. இடத்துக்கு அலைகிறவன் கஷ்டம் என்னவென்று கொஞ்சம் புரியட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் கேஸ் தோங்குப் பேச்சு ஞாபகத்தில் இல்லாமல் இருந்திருந்தால், இந்த வழி எனக்குத் தோன்றியே இருக்காது.

அவன் சரிந்து உட்கார்ந்ததும் எழுந்து போனேன். முட்டி வலித்தது, போனேன். முதலில் காடிக் கதவைத் திறந்தேன். கியரை ஃப்ரீயில் விட்டேன், கைப்பிரேக்கை இறக்கினேன், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். அதற்கப்புறம்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் எடுத்து வைத்துச் சத்தம் போட்டேன். மூச்சு இருந்தது அப்போது. கொஞ்ச நேரம் இருந்தது.

நீங்கள்தான் முதலில் ஓடி வந்தீர்கள். ஆம்புலன்ஸ் கிட்டே வருவதற்காக என் காடியை ஒரு கையால் தள்ளினீர்கள். வழுக்கிக்கொண்டு போனது. "பாருங்க, அண்ணன் காடி எவ்ளோ லேசு," என்றீர்கள் கூட்டத்தைப் பார்த்து. "பாவம், அவருக்குத்தான் நெஞ்சு தாங்கல."

கருமாதி முடிந்ததும் தினேஸ்வரி அந்தப் புதுக் காடியை விற்றுவிட்டாள். "இனிமே நீங்களே அங்க போட்டுக்குங்க அண்ணே," என்றாள். போட்டுக்கொள்கிறேன். மதியத்திலும் நல்ல நிழல், சீட்டு சுடுவதே இல்லை.

நான் பேசப்போவது இவ்வளவுதான், செயலாளரே. வழக்கத்தை யாரும் விட்டுவிடாதீர்கள், கைப்பிரேக்கை இறக்கியே வையுங்கள் என்று முடித்தால் எல்லாரும் கை தட்டுவார்கள். ஏன் எழுந்துவிட்டீர்கள், கோப்பி அப்படியே இருக்கிறதே.

போவதற்கு முன்னால் இந்த ஃபோனைப் பாருங்கள். அவன் குரல் இன்னும் இதில் இருக்கிறது, நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கிறவன் இல்லை, ஜெயபாலனுக்கு மட்டும் ஒரு பதில் பாக்கி. பெரிய பதில் ஒன்றும் இல்லை. "தள்ளாத, வாரேன்."