மூன்றாவது அடி

எனது பெயர் ஐயாத்துரை ரஜிதா. வயது 41. வசிப்பது துணுக்காய். பதினாறு வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன். அதில் கடைசி ஆறு வருடம் ஆஸ்பத்திரியின் சிறுவர் விடுதியில். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணியளவில் ஒட்டுசுட்டானைச் சேர்ந்த தவராசா என்பவரும் மனைவி தேனுகாவும் தங்கள் ஏழு வயது மகள் கஜேந்தினியைக் கொண்டுவந்தார்கள். காலையில் வயல் வரம்பில் பிள்ளையைப் புடையன் பாம்பு கடித்திருந்தது. முதலில் விசகடிக்கு மந்திரிக்கும் பரியாரியிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் முழங்காலுக்குக் கீழே மந்திர நூல் கட்டி, மூன்று நாளைக்கு அறுக்கக் கூடாது, அறுத்தால் விசம் தலைக்கேறும் என்று சொல்லியிருக்கிறார். அதில் ஐந்து மணித்தியாலம் வீணாய்ப் போனது. கால் வீங்கி, நூல் தசைக்குள் புதைந்து, பாதம் கறுத்திருந்தது. விசமுறிவு மருந்து ஏறத் தொடங்கிய பிறகு, வைத்தியர் சொன்னபடி நான் நூலை வெட்டினேன். தாயிடம் கேட்டேன், அவா தலையாட்டினா. தகப்பன் அப்போது மாற்றுடுப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அவரிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு மூன்று மணியளவில் அவர் திரும்பி வந்து பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு, "நூலை ஆர் வெட்டினது?" என்று கேட்டார். "நான்தான். அந்த நூலை நம்பிக்கொண்டிருந்தா பிள்ளையைப் பெட்டியிலதான் கொண்டுபோவியள்" என்றேன். பெற்றவனுக்குச் சொல்லக்கூடிய கதையல்ல அது. அவர் கையிலிருந்த ஹெல்மெட்டால் என் வாயில் அடித்தார். முன்பல் இரண்டு உடைந்தன. அதன் பிறகு பிள்ளையின் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயைப் பிடுங்கினார். இரத்தம் சுவரில் தெறித்தது. திரும்பவும் நூல் கட்டுவிக்கப் போவதாகச் சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். காலைப் பிடித்து மறித்த தேனுகாவை நெஞ்சில் உதைத்தார். மருந்து நின்றால் பிள்ளை தப்பாது என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு சேலைன் தொங்கவிடும் இரும்புக் கம்பியை எடுத்து அவருடைய தோளில் அடித்தேன். அவர் பிள்ளையை விடவில்லை. இரண்டாவது அடி முதுகில் விழுந்தது. அவர் முழங்காலில் சரிந்தார். நான் பிள்ளையைப் பறித்துக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினேன்.

இவ்வளவோடு நிறுத்தும்படி கூட வேலை செய்பவர்கள் எனக்குச் சொன்னார்கள். தேனுகாவும் இரண்டு அடிதான் என்று பொலிஸில் உங்களிடம் சொல்லியிருக்கிறா. அது என்னைக் காப்பாற்றச் சொன்ன சொல். அடித்தது மூன்று தரம். தலையில் பட்டது மூன்றாவது.

பிள்ளையைக் கிடத்திய பிறகு கம்பியோடு திரும்பினேன். அவர் எழும்ப முடியாமல் இருந்தார். கையில் ஒன்றுமில்லை. அவரால் பிள்ளைக்கு இனி ஆபத்தில்லை. என் வாய் நிறைய இரத்தம், ஆத்திரம் அடங்கவில்லை. அப்போது பிள்ளை கட்டிலில் இருந்து, "மிஸ், நான் அழாம ஊசி போட விடுறன், அப்பாவுக்கு அடிக்காதேங்கோ" என்றது.

அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் அடித்தேன்.

பிள்ளை தேறிவிட்டது. தகப்பனுக்கு இன்று வரை நினைவு திரும்பவில்லை.

நான் சொன்னது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் உண்மை. இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றுமில்லை.

(ஒப்பம்) ஐ. ரஜிதா