கை நடுங்கியதா என்று கேட்டேன்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் சொல்ல வராது, மேடம். பல் டாக்டர் சொத்தையை அடைக்கிறாரே, அந்தப் பசையைக் கலக்கும் குப்பியை வடிவமைக்கிறேன் என்பேன். அதற்கெல்லாமா ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

குப்பி சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு பக்கம் பொடி, மறுபக்கம் திரவம், நடுவில் மெல்லிய தகடு. அடியில் அழுத்தினால் தகடு கிழியும். குலுக்கும் இயந்திரத்தில் வைத்தால் இரண்டும் கலந்து பசையாகும். பிறகு ஒரு சின்னத் துப்பாக்கியில் பொருத்தி, நுனியிலுள்ள மூக்கு வழியாகப் பல்லுக்குள் பிதுக்குவார்கள். பசை இறுகுவதற்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் விசாரிப்பது பல் அடைக்கப் போன இடத்தில் இறந்துபோன அந்தப் பையனைப் பற்றி. அவனுக்கு முன்னால் ஒரு குழந்தை இருக்கிறது. அங்கிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் மனைவியின் தம்பி பல் டாக்டர். அம்மா இல்லாமல் வளர்ந்தவன், அக்காதான் அவனுக்கு எல்லாம். எங்கள் கல்யாணத்தன்று அவளைவிட அவன்தான் அதிகம் அழுதான். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பதில் கெட்டிக்காரன். ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அத்தான், உங்க குப்பியோட மூக்கு பெரியவங்க வாய்க்குத்தான் லாயக்கு. சின்னப் பசங்களுக்குக் கடைவாய் வரைக்கும் போகமாட்டேங்குது. கொஞ்சம் மெலிசா, நீளமா பண்ணுங்களேன்."

செய்தேன். அழகாக வந்தது. பசை கொஞ்சம் இறுகிய பிறகு பலமாக அழுத்தினால் மட்டும் மூக்கு கழுத்தோடு முறிந்தது. சோதனை மேசையில் அதை நானே பார்த்தேன். கழுத்தைத் தடிமனாக்கினால் கிட்டத்தட்ட பழைய மூக்கே வந்துவிடும். எனக்கு மனம் வரவில்லை. இறுகின பசையை எந்த டாக்டர் போட்டு அழுத்தப்போகிறார் என்று நினைத்து, சரி என்று அனுப்பிவிட்டேன்.

முதல் பெட்டியை மைத்துனனுக்குத்தான் கொடுத்தேன். என் மகளுக்குக் கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது. வீட்டில் அவளை வாலு என்போம். அவன் அவளுக்குப் பல்லு மாமா. அவள் வாய்க்குள் அவன் விரலை வைத்தாலே சிரிப்பு வந்துவிடும்.

"சிரிக்காதடி, பசை காயுது."

"நீ மாஸ்க் போட்டா வாத்து மாதிரி இருக்க மாமா."

அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தான். பிறகு அழுத்தினான். பசை நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். தீக்குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அடுத்த சிரிப்புக்காக அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

அவன் அவளைக் கவிழ்த்து முதுகில் தட்டினான். பலனில்லை. தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். நான் துப்பாக்கியில் மிச்சமிருந்த குப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குழந்தை திணறிக்கொண்டிருக்கும்போதா என்று கேட்பீர்கள். ஆமாம். அதன் பிறகுதான் பின்னால் ஓடினேன்.

அன்று அவள் செருப்பு ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. இன்னொன்று எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மைத்துனன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். "அத்தான், நான் என்ன பண்ணேன்? வழக்கமா அழுத்துற மாதிரிதானே அழுத்தினேன்?"

மூக்கு ஒடியும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் கையும் வைத்தேன். ஆனால், "கை நடுங்குச்சா மாப்ள?" என்று கேட்டேன். கோபமாக இல்லை, அன்பாகத்தான். அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பிறகு பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். சரியாகத் தூங்கியிருந்தானா, சொந்தக் குழந்தை என்று பதற்றமாக இருந்ததா, மூக்கு பல்லில் இடித்ததா. விசாரணைக்கு வந்தவர்களிடம் அவனே சொல்லிவிட்டான், கை நடுங்கிப் பல்லில் இடித்துவிட்டது என்று. அவன் பொய் சொல்லவில்லை, மேடம். அதற்குள் அவன் நம்பிவிட்டிருந்தான்.

என் மனைவி அவனிடம் ஒன்றுதான் சொன்னாள். "இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாத." அவன் கிளினிக்கை மூடிவிட்டான். இப்போது ஒரு கிடங்கில் காவலுக்கு இருக்கிறான். அவளுக்குத் தெரியாமல் அவ்வப்போது சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறான். கை உண்மையாகவே நடுங்குகிறது.

"அக்கா எப்படி இருக்கா?" என்பான்.

"கொஞ்ச நாள் போகட்டும் மாப்ள" என்பேன்.

இடையில் கழுத்தைத் திருத்தியிருக்கலாமே என்கிறீர்கள். திருத்தியிருக்கலாம். கொஞ்சம் தடிமன் கூட்டினால் போதும். ஆனால் எதற்காக இப்போது மாற்றுகிறாய் என்று அலுவலகத்தில் கேட்பார்கள். அது வீடுவரை வரும். அதனால் பெட்டிகள் அப்படியே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் வாய்க்குத்தான் போகிறது என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

பையனுக்கு அடைத்த டாக்டரம்மாவிடம் கை நடுங்கியதா என்று கேட்க யாரும் இல்லை. உடைந்த குப்பியை அவர் பத்திரமாக எடுத்துவைத்தார். அதனால்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்தக் குப்பி நான் செய்தது. ஒடியும் என்று தெரிந்து செய்தது. என் மகளைக் கொன்ற பிறகும் தெரிந்தே விற்கவிட்டது. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பையனுடைய அப்பா அம்மாவைப் பார்க்கச் சொன்னாலும் பார்க்கிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் வேண்டும். என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லி அழைத்து வந்தேன். மகள் போய்விட்டாள், தம்பியும் இல்லையென்று ஆகிவிட்டது. அவளுக்கென்று இப்போது இருப்பது நான் ஒருவன்தான். இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், மேடம். அவள் தாங்கமாட்டாள்.